கூட்டம் கலைந்த பிறகு எழுதப்படும் வரிச் சட்டங்கள்: ஐ.நா. பேச்சுவார்த்தைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஐக்கிய நாடுகள் சபையின் பன்னாட்டு வரி ஒத்துழைப்பு உடன்படிக்கையை வரைந்துகொண்டிருக்கும் அரசுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தைக் குழுவின் தலைவருக்கும், அதில் பங்கேற்கும் நாடுகளின் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 111 நாடுகள் ஆதரித்தும் 46 நாடுகள் எதிர்த்தும் வாக்களித்த ஒரு தீர்மானத்தில்தான் உங்கள் குழுவுக்கான பாதை தொடங்கியது. ஓராண்டு கழித்து, குழுவின் பணிவரம்பை வகுத்த தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது 119 நாடுகள் ஆதரித்தன, 43 நாடுகள் நடுநிலை வகித்தன, எதிர்த்தவை 9 மட்டுமே. முந்தைய ஆண்டு எதிர்த்த பணக்கார நாடுகளுள் பெரும்பாலானவை இவ்வளவு விரைவில் மனம் மாறிவிட்டன என்று எவரும் நம்பத் தேவையில்லை. பெரும்பான்மை உலகம் கேட்கும் ஒன்றை வெளிப்படையாக மறுப்பது அவற்றுக்குச் சங்கடமாகிவிட்டது, அவ்வளவுதான். அழுத்தம் வேலை செய்கிறது என்பதற்கு உங்கள் குழுவே சான்று. அந்த அழுத்தம் எதுவரை உள்ளே வருகிறது, எந்த வாசலில் நின்றுவிடுகிறது என்பதைப் பற்றித்தான் இம்மடலில் எழுத விரும்புகிறேன்.

கடந்த பதினைந்து ஆண்டுகளின் நிறுவன வரிச் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெளிவாகத் தெரியும் ஒன்று உண்டு. மக்களின் கோபம் ஒரு சீர்திருத்தத்தின் தலைப்பையும் காலத்தையும் தீர்மானிக்கிறது. வரம்புத் தொகைகள், விலக்குகள், வரையறைகள், அமலுக்கு வரும் தேதி ஆகிய மற்ற எல்லாவற்றையும், கோபம் தணிந்து கூட்டம் கலைந்த பிறகு வேறு வகை அழுத்தங்கள் தீர்மானிக்கின்றன. நீங்கள் எழுதும் உடன்படிக்கையும் இதே வழியில் போய்விடலாம் என்ற அச்சமே இம்மடலுக்குக் காரணம்.

2012 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட ஒரு கணக்கை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பிரிட்டனில் 14 ஆண்டுகளில் 300 கோடி பவுண்டுக்கு மேல் விற்பனை செய்திருந்த ஸ்டார்பக்ஸ், அக்காலம் முழுவதற்கும் சேர்த்துக் கட்டியிருந்த நிறுவன வரி வெறும் 86 லட்சம் பவுண்டு. அடுத்த மாதம் 12ஆம் தேதி, மார்கரெட் ஹாட்ஜ் தலைமையிலான நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு ஸ்டார்பக்ஸ், அமேசான், கூகுள் ஆகிய மூன்று நிறுவனங்களின் அதிகாரிகளையும் அழைத்து விசாரித்தது. சட்டத்தை மீறியதாக அவர்கள்மீது குற்றம்சாட்டவில்லை, அறம் தவறியதாகவே குற்றம்சாட்டுகிறோம் என்று ஹாட்ஜ் சொன்னார். கடைகளின் முன் போராட்டங்கள் நடந்தன. டிசம்பரில் ஸ்டார்பக்ஸ், இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 2 கோடி பவுண்டு வரி செலுத்துவதாகத் தானாகவே அறிவித்தது.

பலர் அதை வெற்றி என்று கொண்டாடினார்கள். என்னால் அப்படிக் கருத முடியவில்லை. எவ்வளவு வரி என்பதைச் சட்டம் சொல்ல வேண்டும். கோபத்தைத் தணிக்க எவ்வளவு போதும் என்று நிறுவனமே கணித்துக் கொடுக்கும் தொகைக்கு வரி என்ற பெயர் பொருந்தாது. அதைவிட முக்கியமானது, அதே ஆண்டுகளில் யாரும் முழக்கமிடாத இடத்தில் நடந்தது. 2010இல் 28 சதவீதமாக இருந்த பிரிட்டனின் முதன்மை நிறுவன வரி விகிதம் 2012இல் 24, 2013இல் 23, 2014இல் 21, 2015இல் 20 என இறங்கி 2017இல் 19ஐத் தொட்டது. நாட்டைவிட்டு வெளியே திருப்பிவிடப்படும் இலாபங்களுக்கு 25 சதவீத வரி என்ற புதிய சட்டம், 'கூகுள் வரி' என்ற செல்லப் பெயருடன் 2015 ஏப்ரலில் வந்தது. மூன்று பெயர்களைக் குறிவைத்த கடுமையும், எல்லா நிறுவனங்களுக்குமான தளர்வும் ஒரே அமைச்சரகத்திலிருந்து ஒரே காலத்தில் வெளிவந்தன. முன்னதற்குக் கிடைத்த கைதட்டலில் பின்னது பெரிதாகக் கேட்கவில்லை.

அந்த விகிதம் 2023 ஏப்ரலில் பெரிய நிறுவனங்களுக்கு மீண்டும் 25 சதவீதமானது. அதை ஏற்றியது பெருந்தொற்றுக் காலத்தில் அரசு செய்த செலவு. இடையில், 2022 செப்டம்பரில், அந்த உயர்வை ரத்து செய்யப் போவதாகப் பிரதமர் லிஸ் டிரஸின் அரசு அறிவித்தது. மூன்று வாரத்தில் அந்த முடிவைக் கைவிட வைத்தது கடன்பத்திரச் சந்தை. நிறுவன வரியைக் கூட்டுவதற்கு ஆதரவாகச் சந்தை நின்ற அபூர்வமான தருணம் அது என்பதை ஓர் இடைக்குறிப்பாகச் சொல்லி வைக்கிறேன்.

ஒரே கோபத்தை எதிரெதிர்த் திசைகளில் செலுத்த முடியும் என்பதற்கு அமெரிக்காவின் அனுபவம் நல்ல பாடம். 2014இல் அமெரிக்க நிறுவனங்கள் சில, வெளிநாட்டு நிறுவனமொன்றுடன் இணைந்து தம் தலைமையகத்தைக் காகிதத்தில் மட்டும் அங்கே மாற்றிக்கொள்ளத் திட்டமிட்டபோது, அதிபர் ஒபாமா அவற்றை வெளிப்படையாகக் கண்டித்தார். சுவிட்சர்லாந்துக்கு நகரும் வாய்ப்பைப் பரிசீலித்த வால்கிரீன்ஸ் மருந்துக்கடை நிறுவனம் ஆகஸ்டில் அதைக் கைவிட்டது. வாடிக்கையாளர்களின் எதிர்ப்பும் அரசியல் விளைவுகளும் தன் முடிவுக்கான காரணங்களுள் அடங்கும் என்று அந்நிறுவனமே கூறியது. நுகர்வோரிடம் நேரடியாக விற்கும் நிறுவனத்துக்கு அந்த அச்சம் உண்மையானது. ஆனால் 16,000 கோடி டாலர் மதிப்புள்ள, இதே வகையிலான ஃபைசர், அலர்கன் மருந்து நிறுவனங்களின் இணைப்பு 2016 ஏப்ரலில் கைவிடப்பட்டதற்கு நிதித்துறை வெளியிட்ட புதிய விதிகளே காரணம். வெறும் கண்டனம் அதைத் தடுத்திருக்காது. பிறகு 2017 டிசம்பரில், 'நிறுவனங்கள் நாட்டைவிட்டு ஓடுகின்றன' என்ற அதே கவலையை முன்வைத்து, கூட்டாட்சி அரசின் நிறுவன வரி விகிதம் 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஓடுபவர்களைத் தடுக்க வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். ஓடத் தேவையில்லாதபடி வரியைக் குறைத்துவிடலாம் என்று சட்டம் பதில் சொன்னது. கோபத்துக்கு விளக்கம் எழுதுபவர் யாரோ அவரே அதன் பலனையும் எடுத்துக்கொள்கிறார்.

வெளிப்படைத்தன்மை பற்றிய போராட்டத்தில் இது இன்னும் நுணுக்கமாக நடந்தது. உங்கள் பணிக்கு மிக நெருக்கமானது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2014 நவம்பரில், லக்சம்பர்க் வரி நிர்வாகம் நூற்றுக்கணக்கான பன்னாட்டு நிறுவனங்களுக்கு ரகசியமாக அளித்திருந்த முன்கூட்டிய வரி உறுதிமொழிகள் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் மூலம் அம்பலமாயின. ஆவணங்களை வெளிக்கொணர்ந்த, ஒரு கணக்காய்வு நிறுவனத்தின் இரண்டு ஊழியர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ரஃபாயெல் ஆலேவின் கருத்துரிமை மீறப்பட்டது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு சொல்வதற்கு 2023 பிப்ரவரி ஆகிவிட்டது. அதற்கு வெகு முன்பே, 2015 டிசம்பரில், இத்தகைய உறுதிமொழிகளை உறுப்பு நாடுகள் தமக்குள் தாமாகவே பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியது. வரவேற்கத்தக்க சட்டம்தான். ஆனால் 'தமக்குள்' என்ற எல்லைக்குள் குடிமக்கள் இல்லை.

நாடுவாரி அறிக்கை என்ற யோசனைக்கும் இதே கதி நேர்ந்தது. ஒரு பன்னாட்டு நிறுவனம் ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு விற்றது, எத்தனை பேரை வேலைக்கு வைத்தது, எவ்வளவு இலாபம் காட்டியது, எவ்வளவு வரி கட்டியது என்பதை நாடு நாடாகச் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வரி நீதி இயக்கங்களிடமிருந்து வந்தது. பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடியின் 2015ஆம் ஆண்டுச் சீர்திருத்தத் தொகுப்பு அதை ஏற்றுக்கொண்டது. ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு மட்டும், அதுவும் வரி அதிகாரிகளின் கண்களுக்கு மட்டும். பொதுமக்களுக்கும் அதைத் திறந்துவிடும் முன்மொழிவை, வரிப் புகலிட ரகசியங்களை அம்பலப்படுத்திய பனாமா ஆவணங்கள் வெளியாகிப் பத்து நாள்கூட ஆகாத 2016 ஏப்ரல் 12 அன்று ஐரோப்பிய ஆணையம் முன்வைத்தது. அது சட்டமாக ஐந்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இது வரி விவகாரமா, கணக்கியல் விவகாரமா என்ற கேள்வியில் காலம் போனது. வரி என்றால் எல்லா நாடுகளும் ஒருமித்து ஏற்க வேண்டும், கணக்கியல் என்றால் பெரும்பான்மை போதும். 2021இல் நிறைவேறிய சட்டத்தில் இரண்டு விவரங்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றிய நாடுகளுக்கும் அதன் ஒத்துழையா நாடுகள் பட்டியலில் உள்ளவற்றுக்கும் மட்டுமே தனித்தனிக் கணக்கு; மற்ற உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரே தொகை. வணிக நலனுக்குப் பெருந்தீங்கு என்று கருதும் விவரத்தை நிறுவனம் ஐந்தாண்டு வரை தள்ளிப்போடவும் வழியுண்டு. ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ தெற்காசியாவிலோ வாழும் ஒருவர் அந்த அறிக்கையைத் திறந்தால், தன் நாடு 'ஏனையவை' என்ற ஒற்றை வரிக்குள் கரைந்திருப்பதைத்தான் காண்பார்.

மொத்த வரி வருவாயில் நிறுவன வரியின் பங்கு ஓஇசிடி நாடுகளில் சராசரியாகப் பத்தில் ஒன்றை ஒட்டியும், ஆப்பிரிக்க நாடுகளில் ஐந்தில் ஒன்றுக்கு அருகிலும் இருப்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அதிகம் இழக்கும் நாடுகளுக்கே குறைவாகத் தெரியவரும்படி ஒரு வெளிப்படைத்தன்மைச் சட்டம் அமைந்துவிட்டது. இதை எந்தக் கூட்டமும் கேட்கவில்லை. கூட்டம் கேட்டதற்கு நேர்மாறானது இது.

ஓஇசிடி முன்னின்று நடத்திய பேச்சில் பங்கேற்ற 140 நாடுகளில் 136 நாடுகள் 2021 அக்டோபர் 8 அன்று ஏற்றுக்கொண்ட, இலாபப் பகிர்வு, குறைந்தபட்ச வரி என்ற இரு தூண் ஒப்பந்தத்திலும் இதே கைவரிசை தெரியும். ஜூலை மாத வரைவில் உலகளாவிய குறைந்தபட்ச வரி 15 சதவீதமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம் என்ற வாசகம் இருந்தது. அயர்லாந்து தயங்கியது; 'அதற்கு மேல்' நீக்கப்பட்டது; அயர்லாந்து சேர்ந்தது. ஊதியச் செலவில் 10 சதவீதமும் பௌதிகச் சொத்து மதிப்பில் 8 சதவீதமும் தொடக்கத்தில் கழித்துக்கொள்ளலாம், பத்தாண்டுகளில் இரண்டும் 5 சதவீதத்துக்கு இறங்கும் என்ற விலக்கும் உள்ளே வந்தது. இலாபத்தில் ஒரு பகுதியைச் சந்தை நாடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முதல் தூணிலிருந்து கனிம அகழ்வும் முறைப்படுத்தப்பட்ட நிதிச் சேவைகளும் விடுவிக்கப்பட்டன. அந்தத் தூண் இன்றும் எழவில்லை. கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நான்கும் அன்று ஏன் விலகி நின்றன என்ற கேள்விக்குப் பின்னாளில் நடந்தவையே பதில்.

இதுவரை நிறுவனங்களின் அழுத்தத்தையும் மக்களின் அழுத்தத்தையும் பற்றியே பேசினேன். மூன்றாவது வகை, ஓர் அரசு மற்றோர் அரசின்மீது செலுத்துவது; எனக்கு இதுவே பெரிதும் கவலை தருகிறது. 2019 ஜூலையில் பிரான்ஸ் இணையச் சேவை நிறுவனங்களின் வருவாய்மீது 3 சதவீத வரி விதித்தபோது, 240 கோடி டாலர் மதிப்புள்ள பிரெஞ்சுப் பொருட்கள்மீது 100 சதவீதம் வரை சுங்கம் விதிப்போம் என்று அமெரிக்கா அறிவித்தது. இந்தியா 2016இல் இணைய விளம்பரங்கள்மீது 6 சதவீதமாகவும் 2020இல் வெளிநாட்டு இணைய வணிகத்தின்மீது 2 சதவீதமாகவும் விதித்த சமன்படுத்தும் வரியில், பின்னது 2024 ஆகஸ்டிலும் முன்னது 2025 ஏப்ரலிலும் விலக்கிக்கொள்ளப்பட்டன. கனடாவின் கதை இன்னும் சுருக்கமானது. 2025 ஜூன் 27 அன்று வணிகப் பேச்சுவார்த்தையை நிறுத்துவதாக அதிபர் டிரம்ப் அறிவித்தார். 29 அன்று, முதல் தவணை வசூலாக ஒரு நாளே இருந்த நிலையில், கனடா தன் இணையச் சேவை வரியைக் கைவிட்டது. இடைப்பட்ட 28ஆம் தேதியில், அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனக் குழுமங்களுக்குக் குறைந்தபட்ச வரியின் முக்கிய விதிகளிலிருந்து விலக்கு அளிக்க ஜி7 நாடுகள் இசைந்தன. பதிலுக்கு, வெளிநாட்டு முதலீட்டாளர்கள்மீது அமெரிக்கா விதிக்க எண்ணியிருந்த பதிலடி வரி கைவிடப்பட்டது. 136 நாடுகள் பல ஆண்டுகள் பேசிச் செய்த ஏற்பாட்டின் அடிப்படை ஏழு நாடுகளின் அறிக்கையொன்றில் மாறியது. அதை எதிர்த்து எங்கும் பெரிய கூட்டம் திரண்டதாகச் செய்தியில்லை; திரள்வதற்கு ஒரு பெயர்ப்பலகை அங்கே இருக்கவில்லை.

பெயர்ப்பலகை என்றதும் மக்கள் அழுத்தத்தின் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது தெருவில் தெரியும் நிறுவனங்களையே தேடிப் போகிறது. மூலப்பொருள் வணிகம் செய்வோரும், பிற நிறுவனங்களுக்கு மட்டும் உதிரிபாகங்களும் மென்பொருளும் விற்போரும், காப்பீட்டுக்கு மறுகாப்பீடு வழங்குவோரும் எவ்வளவு இலாபத்தை எங்கே நகர்த்தினாலும் பொதுமக்களின் பார்வையில் படுவதில்லை. நிறுவனங்கள் சொல்வதெல்லாம் சாக்கு என்றும் நான் கருதவில்லை. ஒரே இலாபத்துக்கு இரண்டு நாடுகள் வரி கேட்கும் சிக்கல் உண்மையானது. ஆண்டுதோறும் மாறும் விதியை நம்பி எவரும் தொழிற்சாலை கட்டமாட்டார்கள் என்பதும் உண்மை. நிறுவன வரியின் சுமையில் எவ்வளவு பங்குதாரர்மீதும் எவ்வளவு ஊழியர்மீதும் விழுகிறது என்பதில் பொருளியலாளர்களிடையே நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. இவற்றைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. நான் கேட்பது, அவர்கள் சொல்வதை எல்லோரும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்பதே.

ஆகவே முதல் கோரிக்கை, வரைவின் வரலாறு பற்றியது. உடன்படிக்கையின் ஒவ்வொரு பதிப்பும் வெளியாகிறது; உங்கள் அமர்வுகள் பலவும் திறந்த அமர்வுகளாகவே நடக்கின்றன; ஓஇசிடியின் மூடிய அறைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் மாறிய சொல் எந்த நாட்டின் முன்மொழிவால் மாறியது, அந்த நாட்டுக்கு அக்கருத்தை எழுதித் தந்தவர்கள் யார் என்பதும் பதிவாக வேண்டும். 2021இல் 'அதற்கு மேல்' என்பது நீக்கப்பட்டதை நாம் அறிந்திருப்பது, அயர்லாந்து அதைத் தன் மக்களிடம் சாதனையாகச் சொல்லிக்கொண்டதால்தான். சொல்லிக்கொள்ள விரும்பாதவர்கள் செய்த மாற்றங்கள் எவை என்பதற்கு இன்று ஆவணம் இல்லை. எழுத்துபூர்வமான கருத்துரைகளை வெளியிடுவது மட்டும் போதாது. ஒரு நாட்டின் பிரதிநிதிக்குழுவில் தனியார் ஆலோசனை நிறுவனத்தின் ஊழியர் இடம்பெற்றால் அதுவும் பட்டியலில் தெரிய வேண்டும். வரிச் சட்டத்தை எழுத உதவியவரே பின்னர் அதைத் தவிர்க்கும் வழியை விற்பவராகவும் இருப்பது இந்தத் துறையில் புதிதல்ல.

இரண்டாவது, நாடுவாரி அறிக்கை. அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் கடப்பாடு உடன்படிக்கையின் உடலிலேயே இருக்க வேண்டும். பின்னொரு நாள் சேர்க்கப்படும் நெறிமுறைக்கு, அதாவது துணை உடன்படிக்கைக்கு, ஒத்திவைக்கப்படக் கூடாது. 'ஏனையவை' என்ற வரி அதில் இருக்கலாகாது. ஆஸ்திரேலியா 2024இல் இயற்றிய சட்டம், ஐரோப்பாவை மட்டும் மையமாகக் கொள்ளாமல், வரிப் புகலிடங்களாக அறியப்பட்ட பல நாடுகளைப் பெயரிட்டு அவற்றுக்குத் தனிக் கணக்கு கேட்கிறது. அதையும் தாண்டிச் செல்ல உங்களால் முடியும். மக்கள் அழுத்தத்துக்கு உண்மையில் குறைவாக இருப்பது ஆர்வமல்ல, தரவு. ஒரு நிருபரின் உழைப்பிலோ ஓர் ஊழியரின் துணிச்சலிலோ ஏதேனும் கசிந்தால்தான் கோபம் பிறக்கிறது, கசிவில் யார் பெயர் இருந்ததோ அவர்மீது அது பாய்கிறது, பிறகு ஓய்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஒரே நாளில் எல்லா நிறுவனங்களின் கணக்கும் வெளியானால், கோபத்தின் இடத்தில் கண்காணிப்பு வரும். தெருவில் தெரியாத நிறுவனங்களும் அதற்குள் வரும்.

உண்மையை வெளிக்கொணரும் ஊழியர்களுக்கான பாதுகாப்பைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆலேவுக்குக் கிடைத்த தீர்ப்பு முன்னால் இருக்கிறது; அதற்காக ஒருவர் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேற வேண்டியிராதபடி ஒரு பிரிவு எழுதினால் போதும்.

எல்லைகடந்த சேவைகளுக்கு வரி விதிப்பது பற்றிய முதல் நெறிமுறைதான் அரசுகளின் அழுத்தத்தை நேரடியாகச் சந்திக்கப் போகிறது. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா உங்கள் பேச்சுவார்த்தையிலிருந்து வெளியேறியதோடு, மற்ற நாடுகளையும் உடன்வர அழைத்தது; எவரும் உடன் செல்லவில்லை என்பது நல்ல அறிகுறி. ஆனால் அரங்கைவிட்டு வெளியேறிய நாட்டின் அழுத்தம் அரங்குக்குள் வராமல் இருக்காது. இருதரப்பு வணிகப் பேச்சுகளின் வழியாக, ஒவ்வொரு நாட்டையும் தனியே பிடித்து, அது வரும். இந்தியாவும் கனடாவும் தனித்தனியே நின்றதால்தான் தனித்தனியே பின்வாங்கின. இந்நெறிமுறையின்படி வரி விதித்த ஒரு நாடு அதற்காகவே வணிகப் பதிலடிக்கு ஆளானால், மற்ற கையொப்ப நாடுகள் கூடி விவாதிக்கவும் கூட்டாக நிலையெடுக்கவும் கடமைப்பட்டவை என்றொரு விதியை எழுதிவையுங்கள். அது சுங்க வரிகளைத் தடுத்து நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரு சிறிய நாட்டின் நிதியமைச்சர் தொலைபேசியில் மிரட்டப்படும்போது, 'இது என் கையில் மட்டும் இல்லை' என்று சொல்ல அவருக்கு ஓர் இடம் கிடைக்கும். அந்த இடத்தின் மதிப்பை, அத்தகைய அழைப்புகளை எதிர்கொண்ட உங்களில் சிலர் அறிவீர்கள்.

கடைசியாக, விலக்குகள். அவை இல்லாத வரிச் சட்டம் உலகில் இல்லை, உங்களுடையதும் விதிவிலக்காகாது. ஒவ்வொரு விலக்குக்கும் அது காலாவதியாகும் ஆண்டு குறிக்கப்படட்டும். அதனால் எந்தெந்த நாடுகள் எவ்வளவு வருவாய் இழக்கும் என்ற மதிப்பீடு, வாக்கெடுப்புக்கு முன்பே, வரைவோடு சேர்த்து வெளியிடப்படட்டும். 2027இல் இறுதி வரைவு பொதுச்சபைக்குச் செல்லும்போது, அந்த மதிப்பீடு பின்னிணைப்பாக அல்லாமல், ஒவ்வொரு விலக்கின் கீழும் அதே பக்கத்தில் அச்சாகியிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்புடன்,
வரி செலுத்தும் குடிமக்களில் ஒருவன்